கட்டுரையில் எழுதாமல் விட்ட வீடு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தபோது, "டொக்டர், நீரிழிவைப் பற்றியோ பிறஷரைப் பற்றியோ ஏதும் சொல்லுங்கோவன்" என்றுதான் செயலாளர் கேட்டார். இந்த மண்டபத்தில் இருக்கும் எங்கள் வயதுக்காரருக்கு அது பயன்படும் என்பது உண்மைதான். ஆனால் அதை நீங்கள் மாதா மாதம் யாரோ ஒரு வைத்தியரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆகவே வேறொன்று பேச அனுமதி கேட்டேன். 2018 ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் குடும்பம் ஒரு வானில் மலைநாட்டுக்குப் போய்வந்தது. அந்தப் பயணத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்கும் இந்தக் கல்லூரிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். 1983இல் இங்கே, ஐந்தாம் வகுப்பில், நான் எழுதிய ஒரு கட்டுரையில்தான் அந்தப் பயணம் தொடங்குகிறது.

1983ஆம் ஆண்டு மூன்றாம் தவணை தொடங்கியபோது நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. என் சீருடை, பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் போட்டுக் கழித்தது. என் தமிழும் வேறாக இருந்தது. முதல் நாள் ரீச்சர் என் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து "என்னாங்க ரீச்சர்?" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. இடைவேளையில் ஒரு பிள்ளை என்னைத் "தோட்டக்காட்டாள்" என்றாள். அவள் இன்று என் நல்ல தோழி, இந்த மண்டபத்திலும் இருக்கிறாள். அவளுக்கு அது நினைவில் இல்லை. எனக்கு இருக்கிறது, ஆனால் கோபம் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் வீட்டிலிருந்துதானே வந்திருக்கும்.

அந்தத் தவணை முடிவதற்குள் நான் "என்னாங்க" என்பதை விட்டுவிட்டேன். "போனோம்" என்பது "போனனாங்கள்" ஆயிற்று. சின்னப் பிள்ளைகள் வேகமாகக் கற்றுக்கொள்வார்கள், வேகமாக மறைக்கவும் கற்றுக்கொள்வார்கள்.

எங்கள் ஐந்தாம் வகுப்பு ரீச்சர் இதையெல்லாம் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இந்த வகுப்பிலை மலையிலை மூடுபனியைப் பாத்த பிள்ளை நீ ஒராள்தான். பாக்காத பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டு" என்றார். "நான் வாழ்ந்த மலை வீடு" என்று தலைப்பிட்டு எழுதினேன். யன்னலைத் திறந்தால் பனி உள்ளே வருவதையும், அம்மா வளர்த்த டேலியாப் பூக்களையும், அடுப்படிக்குப் பின்னால் நின்ற பேரிமரத்தையும் எழுதினேன். ரீச்சர் அதை வாசித்துக் காட்டிச் சுவரிலும் ஒட்டினார். பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று பனியைப் பற்றிக் கேட்டார்கள். அன்றிலிருந்து நான் இந்தப் பாடசாலைப் பிள்ளை ஆனேன். அந்த ரீச்சருக்கு என் நன்றி என்றும் உண்டு.

ஆனால் அந்தக் கட்டுரையில் நான் ஒரு வீட்டைத்தான் எழுதினேன். எழுதாமல் விட்ட வீடு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இன்று சொல்லவேண்டும்.

என் அப்பா அப்புத்தளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சராக இருந்தவர். தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் நாலு கட்டில், ஒரு மருந்து அலுமாரி, ஒரு மருத்துவிச்சி. தொழிலாளர்கள் அப்பாவை "டாக்டரய்யா" என்றார்கள். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தவர் பலர் தோட்டங்களில் கிளாக்கராக, ரீமேக்கராக, அப்போதிக்கரியாக வேலை பார்த்தார்கள். எங்களுக்குத் தகரக் கூரை போட்ட ஒரு குவாட்டர்ஸ் இருந்தது. இரண்டு அறை, குளிர்காயும் அடுப்பு வைத்த ஒரு முன்கூடம். பின்பக்கம் நின்று பார்த்தால் மலை சட்டென்று இறங்கிவிடும். மழை கழுவிய காலையில் தெற்குத் தாழ்நிலம் முழுவதும் விரிந்து கிடக்கும். மிகத் தெளிந்த நாளில் தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும். பத்து மணிக்குக் கீழேயிருந்து பனி ஏறத் தொடங்கினால் எல்லாம் மறைந்துவிடும்.

வீட்டுக்குக் கீழே பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். அதற்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் ஆயம்மா என்போம். என் தம்பியைக் குளிப்பாட்டி வளர்த்தது அவர்தான். அவருடைய மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் பஸ் ஏறி நகரத்துப் பாடசாலைக்குப் போனேன். அவள் தோட்டத்துப் பாடசாலைக்கு நடந்து போனாள். பின்னேரம் இருவரும் பீலிக் கரையில் சேர்ந்து விளையாடுவோம்.

1983 யூலை 27ஆந் திகதி, புதன்கிழமை, பதுளை நகரம் எரிகிறது என்ற செய்தி வந்தது. அன்று மாலை, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த சிங்கள உத்தியோகத்தர் ஒருவர் வந்து, "இன்றிரவு இந்த வீட்டில் இருக்கவேண்டாம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். எங்கே போவது என்று அம்மா கேட்டார். அப்பாவிடம் பதில் இல்லை. ஆயம்மா வந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் தலையில் கொங்காணியைப் போட்டு, இடுப்பில் படங்கைக் கட்டி, முதுகில் கொழுந்துக் கூடையை மாட்டினார். தம்பியைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். மலையிலிருந்து வேலை முடிந்து வருகிறவர்களோடு கலந்து எங்களை லயத்துக்குக் கூட்டிப்போனார்.

லயத்துக் காம்பரா என்பது ஏறத்தாழ பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் ஆயம்மாவின் குடும்பம் ஐந்து பேர், நாங்கள் நாலு பேர். மூன்று இரவுகள் இருந்தோம். விளக்கு ஏற்றவில்லை. அந்த வரிசையில் இருந்த பத்துக் குடும்பங்களுக்கும் நாங்கள் அங்கே இருப்பது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோதுமைமா ரொட்டியும் சம்பலும் ஒவ்வொரு வேளை ஒவ்வொரு காம்பராவிலிருந்து வந்தது. அவர்களும் எங்களைப்போலவே பயந்திருந்தார்கள் என்பதை இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தோழியின் போர்வைக்குள் குளிரவில்லை என்பதுதான்.

நாலாம் நாள் பாதுகாப்போடு எங்களை ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஓகஸ்ட் நடுப்பகுதியில் வவுனியா வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்தோம்.

இந்தக் கதையைத்தான் கட்டுரையில் விட்டுவிட்டேன். டேலியாவை எழுதினேன், காம்பராவை எழுதவில்லை. லயத்தில் படுத்தவள் என்று தெரிந்தால் அந்தச் சொல் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் என்று பத்து வயதில் எனக்கு விளங்கியிருந்தது. பிறகு சொல்லியிருக்கலாம். பதினைந்து வயதில், இருபத்தைந்து வயதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அப்பா திரும்பிப் போகவே இல்லை. போர், பாதை பூட்டு, 1995 இடப்பெயர்வு என்று வருடங்கள் போயின. 1998இல் அவர் காலமானார். 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்து லயங்களை மூடியபோது, தொலைக்காட்சியில் அந்த மலைகளைப் பார்த்த அம்மா எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றார். "இது எங்கடை பக்கம் பிள்ளை. ஆயம்மா இருக்கிறாவோ இல்லையோ" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு விடுமுறைக்கும் கேட்பார். எனக்கு வேலை, பிள்ளைகளுக்குச் சோதனை. நாலு வருடம் கடத்தினேன். அம்மாவுக்கு 74 வயதானபோதுதான் இனிக் கடத்த முடியாது என்று தோன்றியது. தம்பியும் இலண்டனிலிருந்து வந்தான். 1983இல் அவனுக்கு மூன்று வயது. அவனுக்கு அந்த வீடு நாங்கள் சொல்லிக் கேட்ட கதை மட்டுமே.

அதிகாலை நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். அம்மா, தம்பி, என் கணவர், பதினைந்து வயது மகள், பதினொரு வயது மகன், நான். பின் இருக்கையில் புட்டுப் பொதி, பருத்தித்துறை வடை, அம்மாவுக்குத் தேசிக்காய், வாந்திக்குப் பொலித்தீன் பை. கண்டி வரைக்கும் ஏ9 வீதி 320 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஏறுவதற்கு மாடிப்படியை விட்டால் வேறொன்றும் இல்லை. கீரிமலையிலும் மலை இல்லை. "எப்ப அம்மா மலை வரும்?" என்று மகன் ஆனையிறவிலேயே கேட்கத் தொடங்கிவிட்டான்.

கிளிநொச்சியைக் கடக்கும்போது விடிந்துகொண்டிருந்தது. யுத்தநிறுத்த காலத்தில், 2003 முதல் 2005 வரை, நான் வன்னியில் ஒரு வைத்தியசாலையில் வேலை செய்திருக்கிறேன். "அந்தப் பக்கம்தான் நான் தங்கியிருந்த இடம்" என்று பிள்ளைகளுக்குக் கையைக் காட்டினேன். அவர்கள் நித்திரை. அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

முறிகண்டியில் எல்லோரையும்போல இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கினோம். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் வாசலில் வான் ஒரு நிமிடம் நின்றது. கண்டியைத் தாண்டி, கம்பளை, புசல்லாவை என்று வீதி வளைய வளைய அம்மாவின் முகம் மாறிக்கொண்டு வந்தது. காலையில் தலைசுற்றுகிறது என்று தேசிக்காயை மணந்துகொண்டிருந்தவர், யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார். றம்பொடையில் நீர்வீழ்ச்சியைக் கண்டதும் மகன் கத்தினான். அதற்கு மேல் வளைவுகளில் ஒரு பையன் பூங்கொத்தை நீட்டினான். நாங்கள் வாங்காமல் மேலே போனோம். அடுத்த வளைவில் அதே பையன் மூச்சிரைக்க நின்றான். அதற்கடுத்த வளைவிலும் நின்றான். வீதி சுற்றி வர, அவன் குறுக்குப் பாதையால் ஏறி ஓடுகிறான். என் மகள் வானை நிற்பாட்டச் சொல்லி வாங்கினாள். "இவன் ஏன் பள்ளிக்குப் போகேல்லை?" என்றாள். விடுமுறை என்று சொன்னேன். விடுமுறைதான். ஆனால் அது முழுப் பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்தது.

நுவரெலியாவில் இரவு தங்கினோம். ஆறாயிரம் அடிக்கு மேல். இரண்டு கம்பளி போர்த்தும் பிள்ளைகளுக்குப் பல் அடித்தது. அம்மா மட்டும் வெறும் சால்வையோடு வெளியே நின்றார். மறுநாள் காலை சீதா எலிய கோயிலில் கும்பிட்டு, ஹக்கலை, வெலிமடை, பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்கு வந்தோம். நகரத்தில் காற்று ஆளைத் தள்ளியது. தோட்டத்துப் பாதைக்கு வழி கேட்க என் கணவர் இறங்கப் போனார். "கேக்கத் தேவையில்லை" என்றார் அம்மா. "அந்தக் கல்லுக்குப் பக்கத்தாலை இடப்பக்கம்." அந்தக் கல் இருந்தது.

எங்கள் குவாட்டர்ஸும் இருந்தது. நான் நினைத்திருந்ததில் பாதி அளவு. 1983இல் தோட்டம் அரசாங்கத்தின் கையில் இருந்தது. 1992க்குப் பிறகு கம்பனியின் கையில். வீட்டுக்குப் புதுக் கூரை, நீலச் சாயம். பேரிமரம் இல்லை. டேலியா இல்லை, கரட்டும் லீக்ஸும் இருந்தன. அங்கே இப்போது தோட்டத்து மருத்துவிச்சி ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார், சிங்களப் பெண். வாசலில் ஒரு கூட்டமே நிற்பதைக் கண்டு திகைத்துப் போனார். அம்மா முப்பத்தைந்து வருடம் பேசாத சிங்களத்தைத் தேடிப் பிடித்து, "இஸ்ஸர அபே கெதர" என்றார். முன்பு எங்கள் வீடு. அந்தப் பெண் கதவை முழுவதும் திறந்துவிட்டு, இப்போதும் உங்கள் வீடுதான், உள்ளே வாருங்கள் என்றார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய், அடுப்புக்கு மேலே சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பின்பக்கம் போய்ப் பார்த்தோம். பனி ஏறத் தொடங்கியிருந்தது. கடல் தெரியவில்லை. தம்பி படம் எடுத்தான்.

அழவேண்டும் என்று நினைத்து வந்த எனக்கு அழுகை வரவில்லை. நல்ல வீடு. நாங்கள் சந்தோஷமாக இருந்த வீடு. ஆனால் அது அப்பாவின் வேலைக்குக் கொடுத்த வீடு, வேலையோடு போய்விட்டது. அம்மாவும் அதிகநேரம் நிற்கவில்லை. "கீழை போவம்" என்றார்.

லயம் அப்படியே இருந்தது. இந்த ஒரு வசனத்தை நான் மெதுவாகச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் வீட்டுக்குக் கூரை மாறியிருந்தது, சாயம் மாறியிருந்தது, மின்சாரம் வந்திருந்தது. லயத்துக்கும் மின்சாரம் வந்திருந்தது, கூரையில் தொலைக்காட்சி அன்ரெனாக்கள் இருந்தன. ஆனால் சுவர் அதே சுவர், அறை அதே பத்துக்குப் பன்னிரண்டு. சில காம்பராக்களுக்கு முன்னால் பலகையும் தகரமும் வைத்து ஒரு துண்டு நீட்டியிருந்தார்கள். ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் வரும் என்று சொல்லியிருக்கிறார்களாம். வேறு சில தோட்டங்களுக்கு வந்துவிட்டது, இங்கே இன்னும் வரவில்லை.

இஸ்தோப்பில் ஒரு முதியவர் குந்தியிருந்தார். அம்மா அவருக்கு முன்னால் போய் நின்று, "என்னாங்க தாத்தா, சொகமா இருக்கீங்களா? இங்கன ஆயம்மா இருந்தாங்களே, பிள்ளைக்காம்பரா ஆயம்மா..." என்றார். என் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அப்பம்மா வீட்டிலும் அம்மம்மா வீட்டிலும் அவர்கள் கேட்டிராத தமிழ் அது. நான் ஒரு தவணையில் தொலைத்ததை அம்மா முப்பத்தைந்து வருடம் வைத்திருந்திருக்கிறார்.

முதியவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "டாக்டரய்யா வீட்டம்மாவா?" என்றார். பிறகு, "ஆயம்மா இங்கன ஏதும்மா? நீங்க போன வருசமே அவுங்களும் போயிட்டாங்களே. பயந்துகிட்டு லொறியில ஏறி நாலு குடும்பம் போச்சு. கிளிநொச்சிப் பக்கம்" என்றார்.

எங்கள் வானில் ஒருவரும் பேசவில்லை. முதல்நாள் விடியற்காலை, பிள்ளைகள் நித்திரையாக இருந்தபோது, நான் கையைக் காட்டிய இடம்.

மலையகத்திலிருந்து 1977 கலவரத்துக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் குடும்பம் குடும்பமாக வன்னிக்கு வந்தவர்களை எனக்குத் தெரியாததல்ல. எனக்கு நன்றாகத் தெரியும். என் கிளினிக்குக்கு அவர்கள் வந்தார்கள். "கிறுகிறுன்னு வருதுங்க டாக்டரம்மா" என்று ஒரு தாய் சொல்லும்போது என் உள்ளே ஏதோ அசையும். இது எங்கள் தோட்டத்துத் தமிழ் என்று தெரியும். வெளியே வரிசை நிற்கும். பிறஷரைப் பார்த்து, மாத்திரை எழுதி, அடுத்தவரைக் கூப்பிடுவேன். மலையகத்தில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் கேட்பது "எந்தத் தோட்டம்?" என்பதுதான். அந்த இரண்டு வருடத்தில் ஒருவரிடமாவது நான் அதைக் கேட்கவில்லை. கேட்டால், "டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். பக்கத்தில் தாதி இருப்பார். ஐந்தாம் வகுப்புப் பயம் ஒரு வைத்தியருக்கும் இருக்கும் என்று நீங்கள் நம்பமாட்டீர்கள். இருந்தது.

முதியவரின் மருமகளிடம் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. திரும்பி வரும் வழியில், ஏ9 வீதியிலிருந்து கிறவல் றோட்டில் உள்ளே போய், ஒரு வேலிப் படலைக்கு முன்னால் வானை நிறுத்தினோம். கல்வீடு, முன்னால் மாமரம், இரண்டு ஆடு. என் வயதுப் பெண் ஒருவர் வெளியே வந்தார். என்னைவிடப் பத்து வயது கூடத் தெரிந்தது. என்னை ஒருமுறை பார்த்து, "பாப்பாவா?" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "டாக்டரம்மா, வாங்க" என்றார். நான் பாப்பா என்றே கூப்பிடச் சொன்னேன். அவர் அன்று கூப்பிடவில்லை. இப்போது தொலைபேசியில் சில நேரம் கூப்பிடுகிறார்.

ஆயம்மா 2007இல் காலமாகிவிட்டார். சுவரில் படம் இருந்தது. அம்மா அந்தப் படத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். தோழி சொல்லச் சொல்ல எல்லாம் தெரியவந்தது. ஆயம்மாவின் அண்ணன் குடும்பம் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போனது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்று பாடத்தில் படித்தோமே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று. அந்த எண்ணுக்குள் ஆயம்மா இலங்கைக்கு மனுப் போட்டவர். பத்திரம் வரவில்லை. 1948இலிருந்து நாடற்றவர் என்ற கணக்கு. எங்களை ஒளித்து வைத்த அந்த மூன்று இரவும் இந்த நாட்டில் அவருக்குக் குடியுரிமை இல்லை. குடியுரிமை இருந்த எங்களுக்கு அவர் இடம் தந்தார். 2003இல் சட்டம் வந்த பிறகுதான் அவருக்குப் பத்திரம் கிடைத்தது.

"அம்மாவுக்குப் பிறஷர் இருந்துச்சு. மாசா மாசம் கிளினிக்குப் போவாங்க" என்றார் தோழி. எந்த வைத்தியசாலை என்று கேட்டேன். நான் வேலை செய்த வைத்தியசாலை. எந்த வருடம் என்று கேட்டேன். 2002இலிருந்து என்றார். கிளினிக் கொப்பி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தபோது அதுவும் போய்விட்டது.

ஆகவே எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. எனக்கு முன்னால் அந்தக் கதிரையில் அவர் இருந்திருக்கலாம். என் கையெழுத்து அந்தக் கொப்பியில் இருந்திருக்கலாம். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு இருட்டில் நடந்தவரின் கையில் பிறஷர் பட்டியைச் சுற்றிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் "அடுத்த ஆள்" என்று நான் சொல்லியிருக்கலாம். "எந்தத் தோட்டம் அம்மா?" என்று ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

தம்பிதான் அன்று அதிகம் அழுதான். அவனுக்கு ஒன்றுமே நினைவில் இல்லை. ஆனால் தோழி உள்ளே போய் ஒரு பழைய கம்பளியைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்து, "இதுலதான் ஒங்கள சுத்தி வச்சிருந்துச்சு எங்கம்மா" என்றார். லொறியில் வந்த சாமானில் அதுவும் வந்திருக்கிறது. 2009இலும் அதைப் போர்த்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார்கள்.

பழைய மாணவிகளின் கூட்டத்தில் பேசுகிறவர் கடைசியில் ஏதாவது கேட்பார் என்பது உங்களுக்குத் தெரியும். நானும் கேட்கிறேன்.

என் தோழியின் இளைய மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு உயர்தரத்தில் உயிரியல் படிக்க விரும்புகிறாள். அவளை எங்கள் கல்லூரி விடுதியில் சேர்க்கலாம், செலவை நாங்கள் பார்க்கிறோம் என்று நான் தோழியிடம் சொன்னேன். பெரிய மனதோடு சொல்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. தோழி யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். "ஒரு புள்ள மட்டும் போயி என்னா பண்றது? எங்க பள்ளிக்கூடத்துல ரசாயனத்துக்கு டீச்சர் இல்ல. டீச்சர் வந்தா இவளோட சேத்து பதினெட்டுப் புள்ளைங்க படிக்கும்" என்றார். பிள்ளையைக் கூட்டிப்போவதைப் பற்றி நான் பேசினேன், ஆசிரியரைக் கூட்டிவருவதைப் பற்றி அவர் பேசினார். அவர் சொன்னதுதான் சரி.

இந்த மண்டபத்தில் ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியைகள் குறைந்தது நாலு பேரை என் கண்ணுக்குத் தெரிகிறது. ஒருவரிடம் நானே படித்திருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து அந்த இடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை உங்களில் ஒருவர் வந்தால், நாலு பேரும் மாறி மாறி வந்தால், மாதம் முழுவதும் பாடம் நடக்கும். வாகனம் என்னுடையது. கிளினிக் இல்லாத சனிக்கிழமைகளில் ஓட்டுவதும் நான். வெளிநாட்டில் இருக்கும் தோழிகள் பணம் அனுப்பவேண்டும் என்று கேட்கமாட்டேன். பயிற்சி வினாத்தாள் அச்சடிக்கும் செலவைப் பற்றிக் கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லாதீர்கள்.

இன்று இங்கே சீருடையில் இருக்கும் தங்கைமாருக்கு ஒரு சொல். உங்கள் வகுப்புக்கு வேறு மாதிரித் தமிழ் பேசும் ஒரு பிள்ளை வந்தால், அவளுக்குப் பக்கத்தில் போய் இருங்கள். அவளுடைய ஊரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலைக் கேட்கும்வரை நில்லுங்கள்.

நான் இப்போது என் கிளினிக்கில் அதைச் செய்கிறேன். "எந்தத் தோட்டம் அம்மா?" என்று கேட்கிறேன். வரிசை கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்கிறது. ஒருவரும் இதுவரை முறைப்பாடு செய்யவில்லை.

என் ஐந்தாம் வகுப்பு ரீச்சர் இன்று நம்மோடு இல்லை. இருந்திருந்தால் அந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்கி, விட்ட பகுதியையும் எழுதிக் கொடுத்திருப்பேன். அவர் இல்லாதபடியால் அதை உங்கள் முன்னால் வாசித்தேன்.